வளவு வீட்டில் ஒரு பங்கு

செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940-களுக்கும் இடையில் எழுந்தவை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் இவற்றைக் கட்டினார்கள். பணம் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் நடத்திய வட்டிக்கடைகளில் ஈட்டியது. பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பயணக் கட்டுரைகள் போதுமான அளவு வியந்துவிட்டன. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தம் வீட்டை நினைவில் வைத்திருக்கும் விதத்துக்கு, அதைக் குடும்பம் பங்கிட்டுக்கொண்ட முறைதான் முக்கியக் காரணம்.

வீட்டின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். முகப்பும் பட்டாலையும் ஆண்கள் கணக்குப் பார்க்கவும் விருந்தினரை வரவேற்கவும் ஆன இடம். அதைத் தாண்டினால் வளவு: நடுவே வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் அங்கே ஓர் அறை உண்டு. திருமணமானதும் புதுத் தம்பதியை 'வேறு வைத்து' விடுவார்கள். கூரை ஒன்று, அடுப்பு தனி. கோயில் வரியிலும் அந்தத் தம்பதி அதன் பிறகு தனிப் 'புள்ளி', அதாவது தனிக் கணக்கு. கூட்டுக் குடும்பம் என்ற பொதுப்பெயர் இந்த ஏற்பாட்டுக்குப் பாதிதான் பொருந்தும்.

அறை வாழ்வதற்கு என்பதைவிட வைப்பதற்கே அதிகம் பயன்பட்டது. பெண்ணுக்கு வந்த சீர் அங்கேதான் பூட்டப்பட்டிருக்கும்: பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், பீங்கான், மரவைகள், பாய்கள். பாத்திரங்களில் குடும்பத்தின் 'விலாசம்' எனப்படும் பெயர் முதலெழுத்துகள் வெட்டப்பட்டிருப்பதால், எந்த அண்டா யாருடையது என்று மூன்று தலைமுறைக்குப் பிறகும் சொல்லிவிடலாம். படுக்கை பெரும்பாலும் தாழ்வாரத்தில். 'கொண்டு விக்க', அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஆண்கள் வழக்கமாக மூன்றாண்டுக் கணக்கு முடித்தே திரும்பினார்கள். அதனால் பிள்ளைகளுக்கு அப்பச்சி (தந்தை) அவ்வப்போது வந்துபோகும் மனிதர். அன்றாடம் கண்டது ஆத்தாவையும் (தாய்) அப்பத்தாவையும் (தந்தையின் தாய்) பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளையும்.

இந்த ஏற்பாட்டின் பொருளாதார அடித்தளம் பர்மாவில் சரிந்தது. 1930-களின் மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலவுடைமை 1937-இல் 25 விழுக்காட்டை எட்டியது. பர்மிய மக்களின் கசப்பும் கூடவே வளர்ந்தது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. 1948-இல் நில தேசியமயச் சட்டம். வருமானம் நின்றதும் குடும்பங்கள் சென்னைக்கும் கோவைக்கும் அதற்கு அப்பாலும் நகர்ந்தன.

காலியான வீடுகளுக்கு இரண்டு கதி நேர்ந்தது. பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொண்ட இடங்களில் தூண், கதவு, உத்தரம் என்று பிரித்து விற்றார்கள்; காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குச் சரக்கு இப்படித்தான் வந்தது. ஒத்துக்கொள்ளாத இடங்களில் வீடு நின்றது. பத்து இருபது பங்குகளாகச் சிதறிய வீட்டை ஒருவர் தனியே விற்க முடியாது. ஒழுகும் கூரை ஓடுகளை மாற்றவும் எல்லோரிடமும் பணம் பிரிக்க வேண்டும். பல வீடுகள் தப்பியதற்குப் பாசத்தைவிட இந்தச் சிக்கலே கூடுதல் காரணம் என்று தோன்றுகிறது.

சடங்கும் ஒரு காரணம். முன்னோருக்குப் புதுத்துணி வைத்து வணங்கும் படைப்பைச் சொந்த ஊர் வீட்டில்தான் நடத்த வேண்டும்; பல குடும்பங்கள் திருமணத்தையும் அறுபதாம் கல்யாணத்தையும் இன்றும் அங்கேயே வைக்கின்றன. அந்த நாட்களில் பூட்டிக் கிடந்த அறைகளை அவரவர் சாவியால் திறக்கிறார்கள். நகரத்தில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு உறவுமுறை விளங்குவதும் அப்போதுதான்: இந்த அறை ஐயாவுடையது, எதிர் அறை அவர் தம்பியுடையது.

2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. சில வீடுகள் இப்போது தங்கும் விடுதிகள். சிலவற்றில் திரைப்படம் எடுக்கிறார்கள். மற்றவற்றில் ஒரு காவலாளோ முதிய பங்காளி ஒருவரோ முன்கட்டில் இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்.