முதுமையும் மருந்தின் அளவும்

இளைஞருக்கு ஏற்ற மருந்தளவு முதியோருக்கும் ஏற்றதாகும் என்று கொள்ளுதல் பெருந்தவறு. இவ்வுண்மையைப் பிரித்தானிய நாடு 1982ஆம் ஆண்டிலே பெருந்துயரின் வாயிலாக உணர்ந்தது.

மூட்டுவாதத்துக்கென ‘ஒப்ரென்’ என்னும் மருந்து 1980இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. நாளுக்கு ஒருமுறை உட்கொண்டாற் போதும் என்பது அதன் சிறப்பு. மூட்டுவாதம் முதியோரைப் பெரிதும் வருத்தும் நோயாதலின், அவர்களுட் பலர் அதனை நாடினர். விரைவில் முறைப்பாடுகள் எழுந்தன. வெயில் பட்டதும் சிலருக்குத் தோல் எரிந்தது. சிலருக்கு நகங்கள் கழன்றன. வெயிலைத் தவிர்க்குமாறு அவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது.

ஆனால், பெருங்கேடு உடலின் உள்ளே நிகழ்ந்தது. மூப்பினால் சிறுநீரகத்தின் வலிமை குன்றும். ஆதலால், இளைஞர் உடலைவிட்டு விரைவில் நீங்கும் அம்மருந்து முதியோர் உடலில் நெடுநேரம் தங்கிற்று. முதல்நாள் உண்டது நீங்குமுன்னரே மறுநாள் உண்டதும் அதனோடு சேர்ந்தது. அம்மருந்தை உட்கொண்ட முதியோர் ஐவர் செங்கமாரி கண்டு இறந்தமையைப் பெல்பாஸ்ட் நகர வைத்தியர் 1982 மே மாதத்தில் வைத்திய சஞ்சிகையொன்றில் வெளியிட்டனர். ஆகஸ்டு மாதத்தில் மருந்து தடைப்பட்டது. அதற்குள் 3,500க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் பதிவாகியிருந்தன. அவற்றுள் 61 மரணங்கள்.

முதியோருக்கென வரும் புதிய மருந்தை முதியோரிடத்தும் சோதித்தல் வேண்டும் என்னும் சர்வதேச நெறி 1993இல் வகுக்கப்பட்டது. எனினும், நெறி மட்டும் போதாது. முதியவர் ஒருவர் புதிதாய் ஓர் உபாதையைச் சொல்லும்போது, மூப்பின் இயல்பென அதனைத் தள்ளிவிடாது, அவர் உண்ணும் மருந்தையும் ஐயுற்று ஆராய்தல் வைத்தியர் கடமையாகும். அதனை மறையாது உரைத்தல் நோயாளர் கடமையாகும்.