சிறுநீரகப் புற்றில் நிணக்கணுப் பரவல்: முன்கணிப்பு யாருக்குப் பயன்?

சிறுநீரகப் புற்று நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்குமா, நோயாளி எத்தனை ஆண்டு உயிரோடிருப்பார் என்று கணிக்கும் மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. பல மாதிரிகள் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ‘சீர்’ பதிவேட்டை வைத்துக் கட்டப்பட்டவை. கணிப்பு மாறினால் சிகிச்சை மாறுமா என்று கேட்கும் கட்டுரைகள்தாம் அரிது. விடை தெரிந்தும் சிகிச்சை மாறாத இடத்தில் இம்மாதிரிகள் கூர்மையாகவும், மாறக்கூடிய இடத்தில் மழுங்கலாகவும் இருக்கின்றன என்பது என் வாதம்.

சிறுநீரகத்தோடு கணுக்களையும் சேர்த்து அகற்றும் முழு அறுவையை 1969இல் டொரோண்டோவின் அறுவை மருத்துவர் ராப்சன் நிலைநாட்டினார். கணுக்களை அகற்றுவது உயிரைக் காக்கிறதா என்பதை ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் 30881ஆம் சோதனை 772 நோயாளிகளிடம் பார்த்தது. 2009இல் வெளிவந்த முடிவில், கணு அகற்றப்பட்டோருக்கும் அகற்றப்படாதோருக்கும் உயிர்வாழ்வில் வேறுபாடில்லை. அகற்றியவர்களுள் 4 விழுக்காட்டினருக்கே பரவல் இருந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆபத்துக் குறைந்தவர்கள் என்ற குறை நியாயமானதே. ஆனால் அந்த 4 விழுக்காட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உணர்திறன் (பரவல் உள்ளவரைப் பிடிப்பது), தனித்திறன் (பரவலற்றவரை விலக்குவது) இரண்டும் 80 விழுக்காடாக உள்ள ஒரு மாதிரியை 1,000 பேரிடம் பயன்படுத்தினால், பரவல் உள்ள 40 பேரில் 32 பேரைப் பிடிக்கும். பரவலற்ற 192 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். எச்சரிக்கப்படும் ஏழு பேரில் ஆறு பேருக்கு ஒன்றுமிராது.

ஸ்கேனும் இதைத் தீர்ப்பதில்லை. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதைப் போல, கட்டியருகே அழற்சியாலும் கணு வீங்கும். ஸ்டூடர் குழு 1990இல் வெளியிட்ட ஆய்வில், சி.டி.யில் கணு பெருத்துத் தெரிந்த 43 பேரில் 25 பேருக்குக் கணுவில் புற்றில்லை. மேயோ கிளினிக் 2004இல் ஐந்து அடையாளங்களைத் தந்தது: 10 செ.மீ.க்குக் குறையாத அளவு, மூன்றாம் அல்லது நான்காம் நிலைக் கட்டி, உயர் செல்தரம், சார்க்கோமா வடிவக் கூறு, திசு அழுகல். இரண்டுக்குக் குறைவாயின் பரவல் 0.6 விழுக்காடு, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் ஏறத்தாழ 10. ஆனால் கடைசி மூன்றையும் நுண்ணோக்கிதான் சொல்ல வேண்டும். கத்தியெடுக்குமுன் அவை கையில் இல்லை.

பதிவேட்டுத் தரவில் இன்னொரு சிக்கல். பெரும்பாலோருக்குக் கணு எடுக்கப்படுவதேயில்லை. அவர்களைப் ‘பரவலற்றோர்’ என்று எண்ணினால் பரவல் குறைவாகத் தோன்றும். விலக்கினால் அறுவை மருத்துவர் சந்தேகப்பட்டவர்களே மிஞ்சுவார்கள்.

உயிர்வாழ்வைப் பொறுத்தவரை கணுவின் எடை பெரிது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்த் தரவுத்தளத்தை வைத்து 2020இல் வெளிவந்த ஆய்வில், நோயின் மூன்றாம் நிலையில் கணுப் பரவலற்றோரில் 61.9 விழுக்காட்டினர் ஐந்தாண்டு வாழ்ந்தனர், பரவியவர்களில் 22.7 மட்டுமே, நான்காம் நிலையோரில் 15.6. சிறுநீரக நிணநாளங்கள் சிலருக்குக் கணுக்களைத் தொடாமலே மார்பு நாளத்தைச் சேர்வதால், கணுவை வெட்டியெடுப்பது நோயைத் தடுத்து நிறுத்துவதாகாது.

இனி மருந்து. அறுவைக்குப் பின் பெம்ப்ரோலிசுமாப் உயிர்வாழ்வைக் கூட்டுகிறது என்று கீநோட்-564 சோதனை 2024இல் காட்டியது. அதன் விதிப்படி மூன்றாம், நான்காம் நிலைக் கட்டியுள்ளவர் கணுவில் பரவல் இல்லாவிட்டாலும் மருந்துக்குத் தகுதி பெறுவார். கணுவால் மட்டுமே தகுதி மாறுபவர், முதல் நிலைக் கட்டியுள்ளவரும் நான்காம் செல்தரமோ சார்க்கோமா வடிவக் கூறோ இல்லாத இரண்டாம் நிலைக் கட்டியுள்ளவருமே. மாதிரிகளைச் சோதிக்க வேண்டிய குழு அதுதான். பரவல் மிக அரிதான குழுவும் அதுவே. கட்டி சிறிதாயிருக்கையிலேயே கணுவுக்குப் பாயும் ஃப்யூமரேட் ஹைட்ரேட்டேஸ் குறைபாட்டுச் சிறுநீரகப் புற்று வகையோ, தெள்செல் வகையை மட்டுமே ஏற்ற அச்சோதனைக்கு வெளியே நிற்கிறது.