தண்ணீரைப் பிரித்த வெளிச்சம்

புல்மோட்டைக் கடற்கரைக்குப் போனவர்களுக்கு அங்கத்தைய கறுப்பு மணல் ஞாபகம் இருக்கும். இல்மனைற்று, உரூத்தைல் என்ற தைத்தானியத் தாதுக்கள் கலந்த மணல் அது. பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறியது. சுவர்ப் பெயின்றுக்கு வெண்மை தரும் தைத்தானியம் ஈரொட்சைட்டை இத்தகைய தாதுக்களிலிருந்துதான் எடுக்கிறார்கள். அதே பொருள் இலையின் வேலையைச் செய்த கதையை இம்முறை சொல்லப்போகிறேன்.

இலை வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிரிக்கிறது. ஒட்சிசன் வெளியே போகிறது; பிடித்த சக்தி மாப்பொருளாகச் சேர்கிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய ஒளித்தொகுப்புத்தான். மனிதனும் வெயிலிலிருந்து எரிபொருள் செய்யலாம் என்று இத்தாலியப் பேராசிரியர் சியாமிச்சியன் 1912 இலேயே எழுதினார். எந்தப் பொருளைக் கொண்டு என்பதுதான் கேள்வி.

1967 இல் ரோக்கியோப் பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹொண்டாவின் ஆய்வு மாணவர் அகிரா புஜிஷிமா. உரூத்தைல் பளிங்கொன்றைத் தண்ணீரில் வைத்து, கம்பியால் பிளாற்றினத்தோடு தொடுத்து, பலமான விளக்கொளியைப் பாய்ச்சினார். பளிங்கிலிருந்து ஒட்சிசன் குமிழிகள் கிளம்பின; பிளாற்றினத்தில் ஐதரசன். ஒளி பட்டதும் பளிங்கிலுள்ள இலத்திரன் கம்பி வழியே போய்விடுகிறது. அது விட்ட வெற்றிடம் தண்ணீரிடமிருந்து இலத்திரனைப் பறிக்கிறது, தண்ணீர் பிரிகிறது. துத்தநாக ஒட்சைட்டு இப்படி ஒளி பட்டால் கரைந்துபோகும். இது கரையவேயில்லை. என்னைக் கேட்டால் குமிழியை விட அதுதான் பெரிய விஷயம்.

யப்பானிய விஞ்ஞானிகள் பலர் முதலில் நம்பவில்லை. 1972 இல் நேச்சர் சஞ்சிகை வெளியிட்டது. அடுத்த வருடமே எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974 புதுவருடத்தன்று அசாகி சிம்புன் பத்திரிகை அதை முதற்பக்கத்தில் போட்டது. எண்ணெய் விலை ஏறாவிட்டால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

ஆனால் ஒரு தடை. தைத்தானியம் ஈரொட்சைட்டு வெள்ளையாக இருப்பதன் அர்த்தமே, கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது உள்ளே எடுப்பதில்லை என்பதுதான். புற ஊதாக் கதிரை மட்டும் எடுக்கும். அது வெயிலில் நூற்றுக்குச் சில பங்குதான். பார்க்கக்கூடிய ஒளியைப் பிடிக்கும் பொருட்களோ பல தண்ணீரில் அரித்துப் போயின. பிறகு வந்த ஊக்கி ஆய்வெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கும் இழுபறிதான்.

2021 இல் கசுனாரி டொமெனின் குழு யப்பானில் 100 சதுர மீற்றர் தட்டுகளை வெயிலில் வைத்து மாதக்கணக்காக ஐதரசன் எடுத்ததை அறிவித்தது. கூடியபட்சம் வெயிலின் 0.76 வீதம்தான் தேறியது. ஊக்கி, சிறிது அலுமினியம் சேர்த்த ஸ்ரொன்சியம் தைத்தானேற்று. அதிலும் தைத்தானியம், அதுவும் புற ஊதாவையே எடுக்கிறது.