சூதாடி

ரஷ்ய எழுத்தாளர் ஃபியோதர் தஸ்தயெவ்ஸ்கி 1866 அக்டோபரில் 26 நாளில் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நாவல். பதிப்பாளர் ஸ்தெல்லோவ்ஸ்கியிடம் 3,000 ரூபிள் வாங்கியிருந்தார். நவம்பர் 1-க்குள் புது நாவல் தராவிட்டால், 9 ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதையெல்லாம் சல்லிக்காசு தராமல் அச்சிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும்; ஈவிரக்கமற்ற ஒப்பந்தம். தஸ்தயெவ்ஸ்கி சொல்லச் சொல்ல, சுருக்கெழுத்து கற்ற 20 வயது அன்னா ஸ்னீத்கினா பகலில் குறிப்பெடுப்பார். இரவு வீட்டில் அதை விரித்தெழுதி மறுநாள் கொண்டுவருவார். கெடு நெருங்கியபோது பதிப்பாளர் ஊரில் இல்லை. தஸ்தயெவ்ஸ்கி கையெழுத்துப் பிரதியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார். ரூலெட் சூதாட்ட மேசையின் வெறியை இவ்வளவு நெருங்கிக் காட்டிய நாவல் அரிது. அந்த வெறி அவரையும் ஆட்டிவைத்தது. 1867 பிப்ரவரியில் அன்னாவும் அவரும் திருமணம் செய்துகொண்டனர்.