காரில் எல்லை கடக்கும்போது கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

2009 மார்ச்சில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் ஏற்றிவந்த காயக்காரர்கள் புல்மோட்டையில் இறக்கப்பட்டார்கள். இந்திய மருத்துவக் குழு அங்கே வைத்தியசாலை நடத்தியது. பலருடைய அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் பதுங்குகுழிகளிலேயே போய்விட்டன. கையில் காகிதம் இல்லாமல் தான் யாரென்று நிறுவுவது எவ்வளவு பாடு என்பது நம்மவர்க்குத் தெரியும்.

இன்று அதே குடும்பங்கள் பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் எனச் சிதறியிருக்கின்றன. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் காரிலேயே எல்லை கடக்கிறார்கள். ஷெங்கன் நாடுகளுக்குள் சோதனை இல்லை என்று நம்பியிருக்க வேண்டாம். 2024 செப்டெம்பர் 16 முதல் ஜேர்மனி தன் தரை எல்லைகள் அனைத்திலும் சோதனை நடத்துகிறது. சுவிஸ் எல்லையில் சுங்கச் சோதனை எப்போதும் உண்டு.

ஆளுக்குரியவை: கடவுச்சீட்டு அல்லது அகதிப் பயண ஆவணம். அதோடு வதிவிட அட்டையும் வேண்டும். அட்டை மட்டும் போதாது. 1951 அகதிகள் சாசனத்தின் கீழ் வழங்கப்படும் பயண ஆவணம் இலங்கைக்குச் செல்லப் பொதுவாகச் செல்லாது. சுவிஸில் 'என்' அட்டையோடு இருப்பவர் வழமையாக நாட்டை விட்டு வெளியேற முடியாது. அகதியாக ஏற்கப்படாமல் 'எஃப்' அட்டை பெற்றவர் மீள்வருகை விசாவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். பிரித்தானிய அகதிப் பயண ஆவணம் உள்ளவர்களுக்கு அயர்லாந்து விசா தேவை. பெல்பாஸ்ட்டிலிருந்து டப்ளின் போகும் வீதியில் சோதனைச் சாவடி இல்லை என்பதால் விசா தேவையில்லை என்றாகிவிடாது.

வாகனத்துக்குரியவை: சாரதி அனுமதிப்பத்திரம், வாகனப் பதிவுப் பத்திரம், காப்புறுதிச் சான்று. இலங்கையிலிருந்து வந்து ஓட்டுபவர் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தையும் மூல அனுமதிப்பத்திரத்தையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

இரவல் கார் என்றால் உரிமையாளரின் கடிதம் வேண்டும். ஆனால் சுவிஸ் இலக்கத்தகடுள்ள காரை பிரான்ஸில் வசிக்கும் மச்சான் இரவல் வாங்கி ஓட்டினால் கடிதம் மட்டும் காப்பாற்றாது. சுங்கவரி கட்ட நேரலாம். முதலில் சுங்கத்திடம் கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகளோடு பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால், மற்றவர் ஒப்பமிட்ட சம்மதக் கடிதத்தையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் எடுத்துச் செல்லுங்கள்.

எல்லாவற்றிலும் பிரதி எடுத்து ஒன்றை வீட்டிலும், ஒன்றை வேறு நாட்டில் இருக்கும் உறவினரிடமும் வையுங்கள். ஒரே பையில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு திரிந்து, அந்தப் பையையே பறிகொடுத்த அனுபவம் நமக்கு ஒருமுறை போதும்.