நடக்காத தாக்குதல், பதறிய இரண்டு மாநிலங்கள்: 2023 போலி வீடியோ விவகாரம் சொல்லும் பாடம் என்ன?

"அங்க நம்ம ஆளுங்களை வெட்டுறாங்களாமே, உடனே கிளம்பி வந்துடு." 2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் வேலை பார்த்த பீகார் தொழிலாளர்கள் பலருக்கு ஊரில் இருந்து இப்படித்தான் போன் வந்தது. பேசியது அம்மாவாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் பேசினார்கள்.

அவர்கள் சொன்ன மாதிரி எதுவும் இங்கே நடக்கவில்லை. ஆனாலும் ரயில் நிலையங்களில் கூட்டம் கூடியது, ஒரு சட்டமன்றத்தில் அமளி வெடித்தது, இரண்டு முதலமைச்சர்கள் போனில் பேசினார்கள், தொழிற்சாலை முதலாளிகள் தூக்கத்தைத் தொலைத்தார்கள்.

சமூக வலைதளம் அரசியலை, பொது வாழ்க்கையை, வியாபாரத்தை எப்படி ஒரே நேரத்தில் ஆட்டிப் பார்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். என்ன நடந்தது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அந்த வீடியோக்களில் இருந்தது என்ன?

தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்ற தலைப்போடு சில வீடியோக்கள் பரவின. அப்போது தமிழ்நாடு டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு, அதிகம் பரவிய இரண்டு வீடியோக்கள் பற்றி விளக்கம் கொடுத்தார்.

ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு தரப்புக்குள் நடந்த மோதல். இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த சண்டை. இரண்டுமே பழைய சம்பவங்கள். இரண்டிலுமே தமிழர்கள் ஒரு பக்கம், வெளிமாநிலத்தவர் இன்னொரு பக்கம் என்று நின்று மோதிக்கொள்ளவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த இரண்டு வீடியோக்களையும் யாரும் புதிதாகத் தயாரிக்கவில்லை. ஏஐ தேவைப்படவில்லை, கிராபிக்ஸ் தேவைப்படவில்லை. உண்மையான காட்சிக்கு மேல் பொய்யான ஒரு வரி. அவ்வளவுதான் செலவு.

பொய் ஏன் அவ்வளவு சீக்கிரம் எடுபட்டது?

ஏற்கனவே ஒரு உரசல் இருந்தது. அதை மறைக்க முடியாது.

2023 பிப்ரவரியில், ஓடும் ரயிலில் வடமாநிலத் தொழிலாளர்களை ஒருவர் திட்டி அடிக்கும் வீடியோ வெளியானது. அது உண்மையான சம்பவம். ரயில்வே போலீசார் அவரைக் கைது செய்தார்கள்.

அதற்கு முந்தைய மாதம் கதை தலைகீழாக ஓடியது. திருப்பூரில் உள்ளூர்க்காரர்களை வடமாநிலத் தொழிலாளர்கள் விரட்டுவதாக ஒரு வீடியோ நம்ம ஊர் குரூப்களில் சுற்றியது. 'பார்த்தீங்களா, நம்ம மண்ணிலேயே நம்மை அடிக்கிறாங்க' என்ற தொனியில் அதை ஃபார்வர்டு செய்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள்.

ஆக, ஜனவரியில் தமிழ் போன்களில் நடந்ததுதான் மார்ச்சில் இந்தி போன்களில் நடந்தது. ஒரு பக்கம் கோபம், இன்னொரு பக்கம் பயம். அந்த நேரத்தில் மக்கள் மனசில் எது இருக்கிறதோ, அதற்கு ஏற்ற வீடியோதான் வேகமாக ஓடும்.

அரசியல் எப்படி உள்ளே வந்தது?

மார்ச் 1 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலினின் 70-வது பிறந்தநாள் பொதுக்கூட்டம் சென்னையில் நடந்தது. தேசிய அளவிலான எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் வந்திருந்தார்கள். அப்போது பீகார் துணை முதலமைச்சராக இருந்த தேஜஸ்வி யாதவும் மேடையில் இருந்தார்.

வீடியோக்கள் பரவியதும் இதே நாட்களில்தான். பீகாரிகள் அடிவாங்கும்போது தேஜஸ்வி பிறந்தநாள் விழாவில் இருக்கிறார் என்று ஒரு கதை ரெடியானது. பீகாரில் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பாஜக, சட்டமன்றத்தில் பிரச்சனையைக் கிளப்பியது. முதலமைச்சர் நிதிஷ் குமார், தமிழ்நாட்டு அதிகாரிகளுடன் பேசும்படி தன் தலைமைச் செயலாளருக்கும் டிஜிபிக்கும் உத்தரவிட்டார்.

ஸ்டாலின், நிதிஷ் குமாருடன் போனில் பேசி, தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று உறுதி கொடுத்தார். பீகார் அரசு நான்கு பேர் கொண்ட அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவர்கள் இங்கே வந்து தொழிலாளர்களையும் அதிகாரிகளையும் நேரில் சந்தித்தார்கள். சொல்லப்பட்டது போல எதுவும் நடக்கவில்லை என்பது உறுதியானது.

மக்களாட்சியில் எதிர்க்கட்சி கேள்வி கேட்பது தப்பே கிடையாது. தொலைதூர மாநிலத்தில் தன் மக்கள் அடிபடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சரிபார்ப்பதற்கு முன்னாடியே விவாதம் தொடங்கிவிட்டால், அடுத்து வரும் விளக்கம்கூட 'அந்தக் கட்சி சொல்வது' ஆகிவிடுகிறது. உண்மைக்கும் கட்சிச் சாயம் பூசப்படுகிறது. இந்தச் சம்பவத்தில் மக்களாட்சிக்கு விழுந்த பெரிய அடி இதுதான்.

திருப்பூருக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

திருப்பூரில் இருந்து ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி ஆகிறது. நாட்டின் மொத்தப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஊரின் பங்கு. தையல், செக்கிங், பேக்கிங் என்று பல வேலைகளில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கோவையின் பவுண்டரிகள், பம்ப் தொழிற்சாலைகள், சென்னையின் கட்டுமானத் தளங்கள், ஹோட்டல்கள் என எல்லா இடத்திலும் இதே நிலைதான்.

அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8-ம் தேதி வந்தது. பண்டிகைக்கு ஊருக்குப் போவது எப்போதும் நடப்பதுதான். ஆனால் இந்த முறை ஸ்டேஷனில் நின்ற கூட்டத்தில் யார் ஹோலிக்குப் போகிறார், யார் பயந்து போகிறார் என்று பிரிக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தின் படங்களே 'ஓடிப்போகும் பீகாரிகள்' என்று மறுபடியும் பரவின. பொய்க்குப் புதுசா ஒரு ஆதாரம் தானாகவே கிடைத்துவிட்டது.

போனவர்கள் திரும்பி வருவார்களா என்பதுதான் முதலாளிகளின் கவலை. ஆர்டரைத் தேதிக்கு அனுப்பவில்லை என்றால் வெளிநாட்டு வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். வேலையை விட்டுப் போகும் தொழிலாளிக்கு நஷ்டம் அதைவிட நேரடியானது. அவருக்கு அன்றைய கூலி போகும், ரயில் டிக்கெட் செலவு ஏறும், ஊரில் வேலை கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. வீடியோ போட்டவருக்கு ஒரு ரூபாய் செலவில்லை. அதை நம்பியவருக்கு மாதச் சம்பளமே போனது.

உண்மை ஏன் பின்னால் வந்தது?

டிஜிபி விளக்கம் கொடுத்தார், மாவட்ட நிர்வாகங்கள் உதவி எண்களை அறிவித்தன, இந்தியிலும் விளக்கங்கள் வெளியிடப்பட்டன. அப்படியும் பயம் உடனே அடங்கவில்லை. காரணங்கள் இரண்டு.

முதல் காரணம், வேகம். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1 லட்சத்து 26 ஆயிரம் செய்திகளை ஆராய்ந்தார்கள். முடிவு 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆக 70 சதவீதம் அதிக வாய்ப்பு. 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைவிட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் ஆனது. இதற்கு முக்கியக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்கள்தான் என்றும் அந்த ஆய்வு சொன்னது.

இரண்டாவது காரணம், பாதை. பொய் வந்தது சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், ஊர் குரூப் வழியாக. விளக்கம் வந்தது அரசு அதிகாரியின் பக்கத்தில், வேறு ஒரு மாநிலத்தில் இருந்து. பீகார் கிராமத்தில் இருக்கும் ஒரு அம்மா, தமிழ்நாடு போலீஸின் ட்விட்டர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டா இருப்பார்?

இது முதல் தடவையா?

இல்லை. 2012 ஆகஸ்ட்டில் பெங்களூருவில் இருந்து வடகிழக்கு மாநில மக்கள் ஆயிரக்கணக்கில் ரயில் ஏறினார்கள். தாக்கப் போகிறார்கள் என்று எஸ்எம்எஸ் வழியாகவும் இணையத்திலும் பரவிய வதந்திதான் காரணம். அப்போது மத்திய அரசு மொத்த எஸ்எம்எஸ்களுக்கு 15 நாள் தடை போட்டது.

2018 மே மாதம் அதைவிடக் கொடுமை நம்ம ஊரிலேயே நடந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது மூதாட்டியைக் குழந்தை கடத்துபவர் என்று நினைத்து ஒரு கும்பல் அடித்தே கொன்றது. அந்தக் காலகட்டத்தில் இந்தியா முழுவதும் பரவிய கடத்தல் வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானில் எடுக்கப்பட்ட குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டுப் பரப்பியிருந்தார்கள்.

அந்தக் கொலைகளுக்குப் பிறகுதான், 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் அறிவித்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய மெசேஜை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று இன்னும் இறுக்கியது. அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. வேகம் குறைந்தது உண்மை. ஆனால் 2023 காட்டியபடி, நிற்கவில்லை.

இதில் யாருக்கு லாபம்?

யூடியூபில் 1,000 சப்ஸ்கிரைபர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்துவிட்டால் விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்கலாம். நீளமான வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனல் நடத்துபவருக்கு, மீதி யூடியூபுக்கு. வீடியோ உண்மையா, பொய்யா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறுவதில்லை. விதிமீறல் என்று கண்டுபிடித்து நீக்கும் வரை, பார்வை வந்தால் காசு வரும்.

காசு தவிர இன்னொரு லாபமும் இருக்கிறது. அது பெயர். சண்டையில் தெரிந்த முகம், தேர்தலில் உதவும்.

சட்டம் என்ன செய்தது?

தமிழ்நாடு போலீசார் பல வழக்குகளைப் பதிவு செய்தார்கள். உத்தரப் பிரதேச பாஜக செய்தித் தொடர்பாளர் ஒருவரும் வழக்கில் சிக்கினார். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் சொன்னது.

போலி வீடியோ பரப்பியதாகக் குற்றம்சாட்டப்பட்ட பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, தேசிய பாதுகாப்புச் சட்டத்திலும் அடைக்கப்பட்டார். அந்தச் சட்டத்தின் கீழான தடுப்புக்காவலை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2023 நவம்பரில் ரத்து செய்தது. 2024-ல் அவர் பாஜகவில் சேர்ந்தார்.

இங்கேதான் சிக்கல். பொய்யைத் தடுக்காமல் விட்டால் உயிர் போகும். தடுக்கும் அதிகாரத்தை முழுசா அரசு கையில் கொடுத்தால் விமர்சனம் செய்பவர் உள்ளே போவார். இணையத்தில் 'எரிச்சலூட்டும்' பதிவு போட்டாலே கைது செய்ய வழிவிட்ட ஐடி சட்டத்தின் 66ஏ பிரிவை, உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்ததற்குக் காரணம் இந்த ஆபத்துதான்.

தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று அரசே முடிவு செய்யும் வகையில் மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த விதியை, பாம்பே உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாது என்றது. தமிழ்நாடு அரசும் 2023-ல் தனியாக ஒரு சரிபார்ப்பகத்தைத் தொடங்கியது. யார் ஆட்சியில் இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: அரசைப் பற்றிய செய்திக்கு அரசே நீதிபதியாக இருக்கலாமா?

அப்போ நாம என்ன செய்யலாம்?

சட்டமும் கம்பெனியும் வந்து சேர நேரம் ஆகும். நம்ம விரல் அதுக்கு முன்னாடியே ஃபார்வர்டு பட்டனில் இருக்கும். அதனால்:

* மெசேஜ் மேல இரட்டை அம்புக்குறி இருந்தால், அனுப்பியவர் அதை எடுத்தவர் இல்லை. பல கை மாறி வந்தது என்று அர்த்தம்.

* வீடியோவில் எந்த ஊர், எந்தத் தேதி என்று தெரிகிறதா? கடைப் பலகை, வண்டி நம்பர், பேசும் மொழி ஆகியவற்றைப் பாருங்கள்.

* ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால், அதே காட்சி பழைய தேதியில் இருக்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

* சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் ஊரில் தெரிந்தவர் இருந்தால், ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

* தப்பாக அனுப்பிவிட்டீர்களா? அதே குரூப்பில் 'அது பொய்' என்று போடுங்கள். அரசு விளக்கம் போக முடியாத இடத்துக்கு உங்கள் மெசேஜ் போகும்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். 2023 மார்ச்சில் டிஜிபியின் விளக்கத்துக்கு இணையாக வேலை செய்தது, இங்கேயே தங்கிய தொழிலாளர்கள் ஊருக்குப் போன் போட்டு 'நாங்க நல்லா இருக்கோம், இங்க ஒண்ணும் இல்லை' என்று சொன்ன வார்த்தைதான். வதந்தி எந்தப் பாதையில் போனதோ, உண்மையும் அதே பாதையில் போனபோதுதான் அந்த வீடுகளில் பயம் அடங்கியது.