பூனைக்காலி விதையும் பட்டறைப் புகையும்

திருவொற்றியூர்ப் பட்டறைகளிலே வெல்டிங் பொறி பறக்கும்போது கண்ணை மறைத்துக் கொள்ளாதார் இல்லை. மூக்கை மறைப்போர்தாம் சிலர்! அந்தப் புகையிலே மாங்கனீசு இருக்கிறது. அளவு மீறி நாட்கணக்கில் உள்ளே போனால், உடல் அசைவை ஆளும் மூளைப் பகுதியிலே அது தங்கும். துரு இரும்பைத் தின்பது போல, ஆக்சிஜனேற்றத்தால் அங்குள்ள உயிரணுக்களைச் சிதைக்கும். 1837லேயே கிளாஸ்கோ நகரின் ஜான் கூப்பர், மாங்கனீசுத் தாது அரைத்த தொழிலாளர் கால் தளர்ந்து தள்ளாடியதை எழுதி வைத்தார். ஊழ்வினை என்று எழுதினாரில்லை; தூசி என்று எழுதினார்!

மூளையைக் காக்க மூலிகை உண்டு என்று வல்லாரையையும் மஞ்சளையும் காட்டுகின்றனர். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் அவற்றில் உள்ளன. சோதனைக் குழாயிலே அவை வேலை செய்வதும் மெய்யே. குழாயும் மூளையும் ஒன்றா என்பதன்றோ கேள்வி?

ஆராய்ந்து பார்த்த ஒரு கதை நமக்கு அருகிலேயே இருக்கிறது. இராயபுரத்திலிருந்து கடலோரமாகவே நடந்து எட்டிவிடும் சேப்பாக்கத்திலே, சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்திலே, 1937இல் தாமோதரன், ராமசாமி எனும் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து ‘டோப்பா’ எனும் பொருளைப் பிரித்தெடுத்தனர். (நாடக மேடை டோப்பா அன்று, நண்பர்களே!) பள்ளிப் பாடத்திலே இப்பெயர்களை நாம் படித்ததில்லை. தொட்டால் சுணை அரிக்கும் வேலிக்கொடி அது. அதன் விதைப்பொருள் மூளைக்கு என்ன செய்யும் என்பது, இருபதாண்டு கழித்து, சுவீடனிலே கார்ல்சன் செய்த சோதனையில் புலனாயிற்று. நம் சர்ப்பகந்தா வேரின் சாரமான ரிசர்ப்பினைக் கொடுத்ததும் முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. டோப்பாவைச் செலுத்தியதும் எழுந்தன! 1967இல் நியூயார்க்கிலே கோட்சியாஸ், பார்க்கின்சன் நோயாளருக்கு அதைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து நடக்க வைத்தார். சிலி நாட்டு மாங்கனீசுச் சுரங்கத் தொழிலாளரையும் ஆராய்ந்தவர் அவர்.

டோப்பா உயிரணுவைக் காக்கவில்லை. குறைந்துபோன டோப்பமீனை ஈடு செய்கிறது, அவ்வளவே. காக்கும் என்று நம்பிய வைட்டமின் ஈயை, அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 நோயாளரை வைத்துச் சோதித்தனர். நோய் தணியவில்லை என்று 1993இல் முடிவு வந்தது.

மாங்கனீசால் தளர்ந்தவருக்கோ டோப்பாவும் பெரும்பாலும் உதவுவதில்லை. புகை கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும், தக்க முகமூடியும் முதலாளியின் செலவிலே பட்டறைக்கு வரவேண்டும். வல்லாரைத் துவையலை வீட்டிலே சுவைக்காகவே அரைத்துக் கொள்வோம்.